டம்பருக்கு அழ ஓர் ஆள்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையில், கூட்டேரிப்பட்டு தாண்டி இடது கைப்பக்கம் எழுந்தருளியிருக்கும் டாக்டர் தமிழ்மணி பொறியியல் கல்லூரியின் வாசலில், மனிதகுலத்தின் தொழில் வரலாற்றில் ஒரு மகத்தான அத்தியாயம் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை சுபமுகூர்த்தத்தில் திரை விலக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்படுகிறது. பொதுமக்கள் குடும்பத்தோடு திரண்டு வந்து வரலாற்றைக் கண்டு களிக்க வேண்டியது. கண்டு களித்தவர்களுக்குச் சாம்பார் சாதம் உண்டு.

மகத்தான அத்தியாயம் என்பது ஒரு பழைய டம்பர். கல்குவாரியில் பாறை சுமக்கிற ராட்சச லாரி. ஃப்ளெக்ஸ் பேனரில் அதன் படமும் இருந்தது. கல்லூரித் தாளாளர் டாக்டர் தமிழ்மணி வலது பக்கம் கும்பிட்டபடியும், இடது பக்கம் கன்னத்தில் கைவைத்து யோசித்தபடியும் நின்றார். நடுவில் அவருடைய காது உயரத்துக்கு டம்பர்.

இதைக் கூட்ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து படித்தவர்களில் ஆரோக்கியராஜும் ஒருவர். அந்த டம்பரை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். கொதிக்கிற டீ கிளாஸை இடுக்கிப் பிடிக்காமல் முழு உள்ளங்கையால் பிடித்திருந்தார். அவருடைய விரல்களுக்குச் சூடு தெரியாது. ஸ்டியரிங் உதறிய உதறலில் என்றைக்கோ மரத்துப் போனவை. டம்பர் அவருக்குக் கொடுத்த ஓய்வூதியம் அதுதான். மூக்கைக் கல்தூசு எடுத்துக்கொண்டது. காதில் பாதியை எஞ்சின் எடுத்துக்கொண்டது. நெஞ்சில் ஓர் இருமலைக் குடியேற்றிவிட்டு, மிச்சத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

“இன்னா ஆரோக்கியம், உன் வண்டிக்கு செலை வெக்கிறாங்களாமே. உனக்கு எதுனா உண்டா?” என்றார் டீக்கடைக்காரர்.

“சாம்பார் சோறு உண்டுன்னு போட்டுருக்குதே” என்றார் ஆரோக்கியராஜ்.

அதற்கு மேலும் உண்டு என்பது அன்று மத்தியானமே தெரிந்தது. தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

தமிழ்மணியின் அப்பா அந்தப் பக்கத்து மலையைத் தோண்டி விற்றவர். மலை தீர்ந்து, மலை இருந்த இடம் குளமானதும், மகன் குளத்தங்கரையில் கல்லூரி கட்டினார். கல்லை விற்றவர் பிள்ளை கல்வி விற்றார். அதற்காக ஏதோ ஒரு தேசத்துப் பல்கலைக்கழகம் ஏதோ ஓர் ஓட்டலில் வைத்து அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அன்றிலிருந்து அவரை ‘டாக்டர்’ என்று அழைக்காதவர்களுக்கு அவர் காது கேட்பதில்லை.

“வாய்யா ஆரோக்கியம். எப்பிடி கீற?”

“இருக்கறேங்க டாக்டர்.”

“நம்ம வண்டிய ரெடி பண்ணிட்டோம். பாத்தியா?”

ஜன்னல் வழியே தெரிந்தது. குவாரி ஓரத்தில் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடந்த டம்பரைக் கிரேன் வைத்துத் தூக்கிவந்து, சிமென்ட் மேடையில் நிறுத்தியிருந்தார்கள். மஞ்சள் வண்டி அது. இப்போது கல்லூரி பஸ்ஸுக்கு அடிக்கிற அதே ரோஸ் பெயின்ட்டில் வெள்ளைப் பட்டை போட்டு நின்றது. சடங்கு சுற்றிய எருமை மாதிரி இருந்தது. தொட்டியின் பக்கவாட்டில் ‘பாரம் சுமந்தவர்க்கே பட்டம்’ என்று எழுதியிருந்தது. அது பொன்மொழி. சொன்னவர் பெயரும் கீழே இருந்தது: டாக்டர் தமிழ்மணி.

“நல்லா இருக்குதுங்க.”

“இத பாரு.” தாளாளர் செல்போனை நீட்டினார். அதில் ஒரு கவர்ன்மென்ட் பஸ் டிரைவர், பணி ஓய்வு பெறும் நாளில், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துத் தேம்பித் தேம்பி அழுதார். கண்டக்டர் தாங்கிப் பிடித்திருந்தார். பின்னணியில் யாரோ சோகமாகப் புல்லாங்குழல் ஊதினார்கள். “எத்தினி லட்சம் பேர் பாத்துருக்கான் தெரியுமா? இந்த மாதிரி வேணும்யா. திரைய நான் எடுக்கறேன். நீ வர்ற. வண்டியப் பாக்கற. டயரக் கட்டிப் புடிச்சுக்கினு அழுவுற. அவ்ளோதான்.”

“அழுவணுங்களா?”

“பின்ன? இருவது வருசம் ஓட்டினவன் இல்ல நீ?”

ஆரோக்கியராஜ் இருமினார். தாளாளர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு குரலைத் தழைத்தார்.

“சும்மா சொல்லல. வண்டிக்கு ஒரு காவலாளு வேணும். உன்னையே போட்டுடறேன். நாற்காலி, நெழலு, தலைக்கு மேல ஃபேனு. பசங்க டயர்ல ஏறாமப் பாத்துக்கினா போதும். வீடியோ நல்லா வரட்டும், திங்கக்கிழமை ஆர்டர் குடுத்துடறேன்.”

ஆரோக்கியராஜுக்கு நாற்காலி கண்ணில் நின்றது. நான்கு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிற ஆளுக்கு உலகத்தில் வேறெந்த வேலையும் மிச்சமில்லை. நூறு நாள் ஏரி வேலைக்குப் போனால் மண்வெட்டி அவரைத் தூக்குகிறது. வீட்டில் மனைவி இருதயமேரிதான் களையெடுக்கவும் மல்லாட்டைச் செடியில் கடலை பறிக்கவும் போகிறாள். அவளுக்கு முட்டியில் நீர் கோத்துக்கொண்டு, சாயங்காலம் வரும்போது இரண்டு காலும் இரண்டு ஊருக்குப் போகிற மாதிரி வருகிறாள். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தால் அவளும் உட்காரலாம்.

“சரிங்க டாக்டர்” என்றார்.

வீட்டில் இருதயமேரி முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஆரோக்கியராஜ் விஷயத்தைச் சொன்னார். நாற்காலியை முதலில் சொன்னார். அழுகையைக் கடைசியில், போகிறபோக்கில், தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டே சொன்னார்.

உரிக்கிற சத்தம் நின்றது.

“இன்னா சொன்ன?”

“டயரக் கட்டிப் புடிச்சு அழுவணுமாம். வீடியோவுக்கு.”

“அழுவுவியா?”

“தெரியல.”

இருதயமேரி முறத்தைக் கீழே வைத்தாள். “யோவ். எம் புள்ளைக்கி அழுவாதவன் நீ.”

அவர் சொம்பைக் கவிழ்த்து வைத்தார். மகன் அலெக்ஸ் செத்துப் போன வருஷம் மழை பெய்யவில்லை. பைக்கில் விழுப்புரத்துக்குப் போனவனை விக்கிரவாண்டி பக்கத்தில் ஜல்லி ஏற்றிய டிப்பர் அடித்துவிட்டது. டம்பருக்குப் பேரன் முறை ஆகவேண்டிய வண்டி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தபோது தெருவே மார்பில் அடித்துக்கொண்டது. தெரு குறுகல். வண்டி பின்னால் வரவேண்டியிருந்தது. ஆரோக்கியராஜ் போய் ஆம்புலன்ஸின் பின்னால் நின்றுகொண்டு, கையை வீசி வீசி, “வா, வா, வா, ரைட்ல ஒடி, இன்னும் ஒடி, கம்பம் இருக்குது, நேரா வுடு, வா, போதும் ஓல்டான்” என்று வழி சொன்னார். வண்டி கம்பத்தில் உரசாமல் வந்து நின்றது. பிறகு கதவைத் திறந்தார்கள். அவர் கண்ணில் அன்றும் தண்ணீர் வரவில்லை. அடக்கம் பண்ணியபோதும் வரவில்லை. முப்பதாம் நாள் பூசையிலும் வரவில்லை.

“புள்ளைய எறக்கறதுக்கு மின்னாடி வண்டிக்கு சைடு சொல்லிக்கினு நின்ன மனுசன்” என்றாள் இருதயமேரி. இதை அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். அன்று சத்தம் போடாமல் சொன்னாள். “எனக்கும் முட்டி வலிக்கிதுதான். வேல கெடச்சா நல்லதுதான். போ. ஆனா அந்த இரும்புக்கு உன் கண்ல தண்ணி வந்துச்சுன்னா, அங்கியே நாற்காலியில குந்திக்கோ. இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத.”

பிறகு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை ஒத்திகை. வீடியோ எடுக்கக் கோட்டக்குப்பத்திலிருந்து முகம்மது ஆசிப் வந்திருந்தான். பழைய வண்டிகளைப் பற்றி யூடியூப்பில் பேசுகிறவன். வந்ததும் ரோஸ் பெயின்ட்டைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

“யா அல்லாஹ். அண்ணா, இந்த வண்டியோட ஒரிஜினல் மஞ்சள் எங்கண்ணா?”

“உள்ள இருக்குது” என்றார் ஆரோக்கியராஜ். “மேலதான் அடிச்சாங்க.”

ஆசிப் எழுந்து டம்பரைச் சுற்றி வந்தான். வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டான். பெண் பார்க்க வந்தவன்கூட அத்தனை ஆசையாகப் பார்த்திருக்க மாட்டான். கேமராவை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

“நண்பர்களே, இது ரோட்டுக்காகப் பொறந்த வண்டி இல்ல. ரோடே இல்லாத எடத்துக்காகப் பொறந்தது. அந்தக் காலத்துல அணை கட்ட, சுரங்கம் வெட்ட, சாதா லாரி பின்னாடி தொட்டி மாட்டி ஓட்டினாங்க. பாறைய கொட்டினா லாரி ரெண்டாப் போயிடும். அப்பறம்தான் ஒரு எஞ்சினியர் கூட்டம் யோசிச்சுது. லாரிய மறந்துடு. மொதல்ல பாரத்த நெனை. அதத் தாங்கற இரும்ப நெனை. அப்பறம் சக்கரம். அப்பறம் எஞ்சின். கடைசியா எடம் மிஞ்சினா டிரைவர்.”

“அது நெசம்” என்றார் ஆரோக்கியராஜ்.

“பாருங்க, டிரைவர் தலைக்கு மேல தொட்டியே குடை மாதிரி நீட்டிக்கினு இருக்குது. பாறை விழுந்தா காப்பாத்த. தொட்டிக்கு அடியில பொகையப் பாய விடுவாங்க. தொட்டி சூடா இருந்தா ஈரமண்ணு ஒட்டாது. கம்ப்யூட்டர் கெடையாது, சென்சார் கெடையாது. இரும்பு, டீசல், ஒரு மனுசன். இது ஸ்காட்லாந்துல பொறந்து, கப்பல்ல மெட்ராஸ் வந்து, ஒரு அணையக் கட்டி, ஒரு சுரங்கத்த வெட்டி, ஏலத்துல இங்க வந்துச்சு. இந்த மாதிரி வண்டிக்கு இன்னிக்கும் உலகம் பூரா ரசிகருங்க. வருசா வருசம் கூடி, ஸ்டார்ட் பண்ணி, அந்த சத்தத்தக் கேட்டுட்டுப் போவாங்க.”

“எங்க?” என்றார் ஆரோக்கியராஜ்.

“வெளிநாட்லண்ணா.”

“காசு குடுத்தா?”

“டிக்கெட் வாங்கி.”

அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கக் காதில் ஆரோக்கியராஜ் பஞ்சு வைத்த காலம் உண்டு.

ஆசிப் கேமராவை அணைத்தான். “எங்க வாப்பா சவுதியில இதோட அண்ணன ஓட்டினாருண்ணா. ஃபோட்டோதான் வரும், ஆள் வரமாட்டாரு. எல்லா ஃபோட்டோலயும் டயர் பக்கத்துல நிப்பாரு. டயர் தெரியும் நல்லா. வாப்பா இத்தினியூண்டு தெரிவாரு.” சிரித்தான். “அதான் எனக்கு இந்தப் பைத்தியம்.” திரும்பக் கேமராவைப் போட்டான். “சொல்லுங்கய்யா, இந்த வண்டியில உங்களுக்கு ரொம்பப் புடிச்சது எது?”

“எறங்கறது” என்றார் ஆரோக்கியராஜ்.

“கட். அண்ணா, கொஞ்சம் ஃபீல் பண்ணிச் சொல்லுங்கண்ணா.”

ஆரோக்கியராஜ் முயற்சி செய்தார். காலையில் சாப்பாட்டுத் தூக்கை எஞ்சின் மேல் வைத்தால் மத்தியானம் வரை குழம்பு கொதிப்படங்காது என்றார். வெடி வைக்கிறபோது விசில் ஊதுவார்கள், கல் உடைக்கிற பொம்பளைகள், கம்ப்ரசர் ஆட்கள், மேஸ்திரி எல்லோரும் ஓடிவந்து டம்பருக்கு அடியில் பதுங்குவார்கள், மேலே கல்மழை பெய்யும், உள்ளே யாராவது வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார்கள் என்றார். பாரத்தோடு பள்ளத்திலிருந்து மேலே ஏறும்போது, முதல் கியரில், வண்டி நிற்கவும் நிற்காது, போகவும் போகாது, அப்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவசரப்பட்டவன் செத்தான் என்றார்.

“சூப்பர்ணா! இதையே சோகமாச் சொல்லுங்க.”

“இதுல இன்னா சோகம்?”

ஆசிப் பக்கத்தில் வந்து தோளில் கைவைத்தான். நல்ல பையன். தொழில் அப்படி. “டாக்டர் சார் என்னைய உயிர எடுக்கறாருண்ணா. அழுவற ஷாட் இல்லன்னா மிச்சப் பேமெண்ட் கெடையாதுன்றாரு. கண்ண மூடிக்கோங்க. உங்க லைஃப்ல ரொம்ப சோகமானது எதோ, அத நெனச்சுக்கோங்க.”

ஆரோக்கியராஜ் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியை டயரில் வைத்தார். அலெக்ஸை நினைத்தார். நினைப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை. அவன் முகம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ, “பெரியவரே, பனியன் உள்பக்கம் வெளியில இருக்குது” என்று சொன்னது வந்தது. தான் ஓர் ஓரமாகப் போய் அதைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டது வந்தது. ஆம்புலன்ஸின் பின் விளக்குச் சிவப்பு வந்தது. கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது, அதுவும் வந்தது. எல்லாம் வரிசையாக வந்து, வரிசையாகப் போயின. பாரம் இறக்கிவிட்டுப் போகிற வண்டிகள் மாதிரி. கண் காய்ந்து கிடந்தது.

டயர் மட்டும் வெயிலில் சுட்டது. அது நெற்றிக்குத் தெரிந்தது.

“வரலியாண்ணா?”

“வரல தம்பி.”

“நாளைக்கி வரும்” என்றான் ஆசிப், தேர்வுக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்வதுபோல.

ஞாயிற்றுக்கிழமை விழா இனிதே தொடங்கியது. அதாவது குறித்த நேரம் போய், அதற்கடுத்த நல்ல நேரமும் போய், சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தார். ஏதோ ஒரு துறையில் ஏதோ ஓர் உயர்பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். என்ன பதவி என்று அறிவிப்பாளர் மூன்று விதமாகச் சொன்னார். மூன்றுக்கும் கைதட்டினார்கள். பேராசிரியர்கள் வரிசையாக நின்றார்கள், ஞாயிறு லீவு போன துக்கம் முகத்தில் தெரிய. தூரத்தில் அண்டாவில் சாம்பார் சாதம் மூடியிருந்தது. பொதுமக்களின் பார்வை வரலாற்றின் மேல் இல்லை. அந்த மூடியின் மேல் இருந்தது.

தாளாளர் பட்டுச்சட்டையில் வந்து ஆரோக்கியராஜின் காதருகே குனிந்தார். “ரெடியா?”

“பாக்கறேங்க.”

“பாக்கறதில்ல. அழுவு.”

அங்கேதான் தாளாளருக்கு ஒரு யோசனை வந்தது. விழா தாமதமானதற்குக் காரணம் கண்திருஷ்டி என்று அவர் முடிவு கட்டியிருந்தார். நெடுஞ்சாலையில் போகிற பஸ்ஸெல்லாம் நின்று இதைப் பார்க்கிறதே, சும்மாவா. திரை விலக்குவதற்கு முன் சுற்றிப்போட வேண்டும் என்றார். கல்லூரியில் பெருக்குகிற பாஞ்சாலியைக் கூப்பிட்டார்கள். அவள் கைநிறைய உப்பும் ஏழெட்டுக் காய்ந்த மிளகாயும் எடுத்துவந்தாள்.

தாளாளர் அதைப் பார்த்துச் சிரித்தார். “இன்னாம்மா இது? ஸ்கூட்டருக்கா சுத்தற? வண்டி சைஸ் இன்னா, மொளகா சைஸ் இன்னா?”

“திருஷ்டிக்கி இது போதும் சார்.”

“உனக்குத் தெரியாது. வண்டிக்கு ஏத்த மாதிரி பண்ணணும். மெஸ்ல இருந்து மூட்டைய எடுத்தாங்கடா!”

அப்படியே வந்தது. சாந்து அள்ளுகிற பாண்டு நான்கில் கரி மூட்டி, டம்பரின் நான்கு மூலையிலும் வைத்து, விடுதிச் சமையலுக்கு வாங்கி வைத்திருந்த மிளகாய் மூட்டையை அவிழ்த்துப் பங்கு போட்டுக் கொட்டினார்கள். பாஞ்சாலி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு, சத்தமில்லாமல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டாள்.

இந்த இடத்தில் ஒரு சாஸ்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றிப்போட்ட மிளகாய் எரியும்போது நெடி அடித்தால் திருஷ்டியே இல்லை என்று அர்த்தம். நெடி அடிக்காவிட்டால்தான் ஊர்க்கண்ணெல்லாம் பட்டிருக்கிறது என்று அர்த்தம். சுருக்கமாகச் சொன்னால், தும்மினால் அவமானம். உன்னைப் பார்த்து எவனும் பொறாமைப்படவில்லை என்று மிளகாயே சொல்லிவிட்டதாக ஆகும்.

புகை முதலில் நீலமாக எழுந்தது. பிறகு மைதானத்துப் பக்கமிருந்து காற்று திரும்பி, மொத்தத்தையும் அள்ளி மேடையின் மேல் போட்டது.

“நெடியே இல்ல!” என்று தாளாளர் மைக்கில் முழங்கினார். “பாத்தீங்களா! அவ்ளோ கண்ணு!” முழக்கத்தின் கடைசிப் பாதி தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது.

“சுத்தமா இல்ல டாக்டர்” என்றார் கல்லூரி முதல்வர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு.

“எனக்கு ஒன்னுமே தெரியல” என்றார் சிறப்பு விருந்தினர். மூக்குக் கண்ணாடிக்குள் குளம் கட்டியிருந்தது. பேராசிரியர்கள் துறைவாரியாக அழுதார்கள். இயந்திரவியல் துறைத் தலைவர் பற்றிக்கொள்ள ஏதும் கிடைக்காமல், திரைக்குக் கீழே தெரிந்த டம்பர் டயரைப் பற்றிக்கொண்டு, அதில் முகம் புதைத்துக் குலுங்கினார். ஒருவரும் இருமவில்லை. சம்பளம் வாங்குகிற இடத்தில் எப்படி இருமுவது?

திரை விலகியது. யார் விலக்கினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. யாராலும் கண்ணைத் திறக்க முடியவில்லை.

“ஆரோக்கியம்!” என்று தாளாளர் கரகரத்தார். “இப்பய்யா! இப்ப அழுவு!”

ஆரோக்கியராஜ் டம்பரின் முன்னால் நின்றார். புகை அவர் மேலும்தான் அடித்தது. கண் எரிந்தது. ரத்தமாகச் சிவந்தது. நெற்றியை டயரில் வைத்துப் பார்த்தார். இப்போது வரலாம் என்றுதான் அவருக்கும் பட்டது. வந்தால் மிளகாய் என்று சொல்லிக்கொள்ளலாம். மேரிகூட மிளகாய் என்றால் ஒருவேளை ஒத்துக்கொள்வாள். நாற்காலி, நிழல், ஃபேன். கண்ணைக் கசக்கிக்கூடப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிற மாதிரி உள்ளே ஏதோ தட்டியதே தவிர, ஈரம் இல்லை.

அதற்குப் பதிலாக இருமல் வந்தது. குவாரி கொடுத்த இருமல். அது தாளாளருக்கோ சாஸ்திரத்துக்கோ கட்டுப்படாது. கூட்டமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்த அந்த அமைதியில், மேடைக்கு நேரே, மைக்கில் விழும்படி இருமினார். இருமி முடித்து, மறுபடி இருமினார்.

சாம்பார் சாத வரிசையிலிருந்து ஒரு குரல் சத்தமாகக் கேட்டது: “அப்ப திருஷ்டியே இல்லையா?”

அழவேண்டியவன் இருமினான். அழவேண்டிய அவசியம் இல்லாத அத்தனை பேரும் அழுதார்கள். தாளாளர் சிவந்த கண்ணால் ஆரோக்கியராஜைப் பார்த்த பார்வையில் திங்கட்கிழமை ஆர்டர் அங்கேயே கிழிந்தது.

ஆனால் ஆசிப்புக்குக் குறை ஒன்றும் இல்லை. சாப்பாட்டுப் பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்து, செல்போனிலேயே வெட்டி ஒட்டி, மத்தியானத்துக்குள் வீடியோவை ஏற்றிவிட்டான். தலைப்பு: ‘பழைய வண்டிக்காகக் கதறி அழுத கல்லூரித் தாளாளர்!’ டயரில் முகம் புதைத்த துறைத் தலைவருக்குப் புல்லாங்குழல் வைத்திருந்தான். ‘இப்படியும் ஒரு மனிதரா’ என்று ஜனங்கள் கீழே எழுத ஆரம்பித்தார்கள். கை கூப்பிய பொம்மைகள் வரிசை வரிசையாக வந்தன. தாளாளர் அதைப் பார்த்து, சற்று நேரத்தில், தான் உண்மையிலேயே அழுததாக நம்பத் தொடங்கினார்.

“உங்க பார்ட்ட எடுக்கச் சொல்லிட்டாருண்ணா” என்றான் ஆசிப், தரையைப் பார்த்துக்கொண்டு. “சாரிண்ணா. சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன். உப்பு கம்மி.”

ஆசிப் அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்த் தெருமுனையில் இறக்கிவிட்டான். அங்கிருந்து அவர் நின்று நின்று நடந்தார்.

இருதயமேரி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வழியை மறித்துத்தான் உட்கார்ந்திருந்தாள். அவருடைய கண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இரண்டும் கோவைப்பழமாக இருந்தன.

“அழுதுட்ட.”

“இல்ல மேரி.”

“கண்ணு சொல்லுதே.”

“மொளகா. மூட்டையோட கொட்டிக் கொளுத்தினாங்க. டாக்டரு, ஆபிசரு, வாத்தியாருங்க எல்லாம் கண்ணீரா ஊத்தறாங்க. எனக்கு எரியுதே தவிர வரல. நெத்திய வெச்சுக்கூடப் பாத்தேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “வேல கெடையாது.”

இருதயமேரி எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, கிட்டே வந்து, அவர் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள். குழந்தைக்குத் தூசி விழுந்தால் பார்ப்பதுபோல. ஒரு கண். பிறகு மறு கண். உள்ளே காய்ந்து வெடித்த ஏரி மாதிரி சிவப்பாக இருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

“மூட்ட மொளகாவா?”

“ஆமா.”

“அதுக்கும் வரலியா?”

“வரல.”

அவள் உள்ளே போனாள். விளக்கெண்ணெய்ப் பாட்டிலோடு வந்தாள். அவரைப் படியில் உட்காரவைத்து, தலையைத் தன் வயிற்றில் சாய்த்து, விரலால் தொட்டுக் கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டாள்.

“வராதுன்னா வராதுதான் போல” என்றாள். அவரிடம் சொன்ன மாதிரி இல்லை. “நாந்தான் என்னென்னமோ நெனச்சுக்கினு இருந்தேன்.”

“எரியல” என்றார் ஆரோக்கியராஜ். “வுடு.”

“சும்மா இரு. கண்ண மூடு.”

கன்னத்தில் வழிந்த எண்ணெயை அவள் முந்தானையால் துடைத்தாள். நாளைக்கு அனந்தபுரம் பக்கம் களையெடுக்க ஆள் கூப்பிட்டிருக்கிறார்கள், விடிகாலையிலேயே வண்டி வரும் என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை அந்தக் காவல் வேலைக்குக் கல்லூரியில் யாரையும் எடுக்கவில்லை. டம்பரை எவனும் தூக்கிக்கொண்டு போக முடியாது.